மெர்போக்கில் உறுமிக்கு ஓர் அறை

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு காலியாகிக் கொஞ்ச நாளாகிறது. நேற்றுக் காலை வாடகைக்குப் பார்க்க யாரோ வந்திருந்தார்கள். வெறும் ஹாலில் நின்று ஒருவர் கை தட்டினார். கொசுவை அடித்தாரோ, மனைவியைக் கூப்பிட்டாரோ தெரியாது. ஒரே தட்டுதான். அது உள்ளே மாட்டிக்கொண்ட புறாவைப்போல இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே படபடவென்று அடித்துக்கொண்டு, சிறகு ஓய்ந்து, தரையில் விழுந்து அடங்கியது.

நான் அடுப்படியில் தோசைக்கரண்டியோடு நின்றபடி, "எதிரெதிரா ரெண்டு மொட்டைச் சுவர். கீழ டைல்ஸ். திரைச்சீலை கிடையாது. இதுல குடி வந்தா புருஷன் பொண்டாட்டி கொஞ்சறதும் சண்டை மாதிரியே கேக்கும்" என்றேன்.

"யாருகிட்ட பேசற?" என்றார் கணவர் ஹாலிலிருந்து.

யாரிடமும் இல்லை. வேலையை விட்டு வந்தது என் தோள்பட்டைதான். காது இன்னும் சம்பளமில்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஜிப்சம் பலகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கத் தோள் மறுத்த அன்று, ஐம்பதைத் தாண்டிய கையோடு, அறைகளுக்குச் சத்தம் அடக்கும் அந்த வேலைக்கு வணக்கம் சொல்லிவிட்டேன். இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் என்னை இன்னும் வைத்திருக்கிறார்கள். அறை நடுவே கைப்பேசியை வைத்தால் அதுவே ஒரு சத்தம் எழுப்பி, அதுவே கேட்டு, எந்த மூலையில் எதை ஒட்ட வேண்டும் என்று படமும் போட்டுக் காட்டுகிறதாம். 'இது இல்லாம எப்படிக்கா செஞ்சீங்க? உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?' என்று கேட்டிருந்தார்கள்.

அது ஒன்றுதான், பிள்ளைகளே. மெர்போக் வீடு. அதற்கு எந்தக் கைப்பேசியாலும் படம் போட்டிருக்க முடியாது.

முதலில் நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாடாங் செராயில் திரைச்சீலை தைக்கும் கடையில் இருந்தவள் நான். ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, ஒவ்வொரு துணியாக வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று மறுபக்கம் வந்தால் தலையாட்டினார். வராவிட்டால் துணியைத் திரும்ப மடித்து வைத்தார். முதலாளியம்மா மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "என்ன சார் தேடறீங்க?" என்றேன். "சத்தம் உள்ள போவணும், திரும்ப வரக்கூடாது. அந்த மாதிரி துணி" என்றார். நான் எடுத்துக் கொடுத்த துணியை ஊதினார். மூச்சு மறுபக்கம் வந்து என் முகத்தில் பட்டது. அடுத்த மாதம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பிறகான வருடங்களைச் சுருக்கினால் மூன்றே சொல்: துணி, பஞ்சு, தும்மல். கராவோக்கே அறைகள், டியூஷன் சென்டர்கள், ஒரு பல் டாக்டர்கூட. நாற்காலியில் இருப்பவரின் அலறல் வெளியே வரிசையில் இருப்பவருக்குக் கேட்டால் வரிசை குறைந்துவிடுகிறதாம்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான் எங்கள் பாஸ், சவரிமுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவர். லோரி ஓட்டும்போதும் இடதுகை தானாக யாரையோ மெதுவாகப் பாடச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வணக்கம் கிடையாது, உட்காருவது கிடையாது. நேராக நடு ஹாலுக்குப் போவார். கை தட்டுவார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். கண்ணை மூடுவார். மறுபடி தட்டுவார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, சத்தத்தைப் பற்றி, ரொம்ப வருத்தமாக, "சாவ மாட்டேங்குது லா" என்பார். உள்ளறையில் பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாய்க் கிடந்த வீட்டிலும் அப்படியே சொன்னார். அன்றைக்கு நாங்கள் காப்பி குடிக்காமல் திரும்பினோம்.

நன்றாக இருக்கிறது என்று எதையும் சொல்லமாட்டார். மனசு நிறைந்தால் "இருக்கட்டும்" என்பார். அந்தச் சொல்லுக்காக நாங்கள் மூன்று நாள் தலைகீழாகத் தொங்கியிருக்கிறோம்.

அவருடைய பாடம் ஒன்றே ஒன்றுதான். "சத்தத்துக்கு ரெண்டு நோய். ஒன்னு, வெளிய ஓடறது. இன்னொன்னு, உள்ளயே சுத்திச் சுத்தி வர்றது. ஒரு நோய்க்கு உள்ள மருந்து இன்னொன்னுக்கு ஆவாது." வெளியே ஓடுவதற்கு மருந்து கனமும் இடைவெளியும்: சுவருக்குள் சுவர், ஒன்றை ஒன்று தொடாமல். உள்ளே சுற்றுவதற்கு மருந்து பஞ்சு: துணி போர்த்திய, காற்று நுழையக்கூடிய பஞ்சு. இதை மாற்றிப் போட்டவர்களால்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. இதே பாக்கார் ஆராங்கில் ஒரு பையன், பேங்கில் நல்ல வேலை, ரொட்டி சானாய் கடைகளிலெல்லாம் முட்டை அட்டை கேட்டு வாங்கி நான்கு சுவரிலும் ஒட்டி, உள்ளே உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தான். சத்தம் வழக்கம்போலத் தெருவுக்கு வந்தது. கரப்பான் பூச்சி மட்டும் தெருவிலிருந்து உள்ளே போனது. பாஸ் அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, முட்டை அட்டை முட்டைக்கு" என்றார்.

இப்போது மெர்போக்.

குமரேசன் பகலில் தொழிற்சாலை டெக்னீஷியன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் உறுமி மேளக் குழுவின் தலைவர். ஜெராய் மலைப் பக்கம் சரிவில் வீடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே தளம். பின்னால் இறங்கிப் போனால் வீட்டுக்கு அடியில் இன்னோர் அறை; மூன்று பக்கம் மண், நான்காவது பக்கம் ரப்பர் மரங்கள். நம் ஊரில் அதுபோல பேஸ்மென்ட் அமைவது அபூர்வம். அதில் குழு பயிற்சி செய்ய வேண்டும், பாட்டுப் பதிவும் செய்ய வேண்டும்.

பாஸ் கை தட்டினார். தலை சாய்த்தார். "பக்கத்துல வீடே இல்ல. மரம்தான் இருக்கு. யாருக்குக் கேக்கக்கூடாது?"

"எங்க அத்தைக்கு பாஸ். மேல இருக்காங்க."

"தூக்கம் கெடுதா?"

"இல்ல பாஸ். ஆடிடுவாங்க."

பாஸுக்குப் புரியவில்லை. குமரேசன் குரலைத் தாழ்த்தினார். "உறுமி கேட்டா அத்தைக்கு அம்மன் வந்துடும். எங்க இருந்தாலும் வரும். ஒருவாட்டி பாசார்ல மீன் வாங்கும்போது, யாரோ கைப்பேசியில ரிங்டோன் வெச்சிருந்தான், அதுக்கே வந்துடுச்சு. இப்ப இடுப்பு மூட்டு மாத்தியிருக்கு. டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு, ஆடக்கூடாதுன்னுட்டாரு. இன்னொருவாட்டி விழுந்தா அவ்ளோதானாம்."

பாஸ் சட்டைப் பையிலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்தார். தொழில் என்று வந்துவிட்டால் அவர் எதையும் கேலி செய்யமாட்டார். "எவ்ளோ சத்தம் இருந்தா வருவாங்க?"

"யாரு, அத்தையா?"

"இல்ல. அம்மன்."

குமரேசன் நேர்மையாக யோசித்தார். "அத அளந்து பாத்ததில்ல பாஸ்."

வேறு இடங்களில் வாசித்துப் பார்த்தாகிவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் வாசித்தால் காவலாளி விரட்டினார், ஆற்றங்கரையில் வாசித்தால் போலீஸ் வந்தது. பதிவு செய்ய இந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. அறை சரிப்படாவிட்டால் அத்தையைப் பாடாங் செராயில் இருக்கும் அவருடைய தங்கச்சி வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மனைவி பிரேமா சொல்லியிருந்தார். குமரேசனைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர் அத்தை. "ரெண்டுல ஒன்னு வெளிய போவணும் பாஸ். உறுமி போனா எனக்குச் சோறு எறங்காது. அத்தை போனா இந்த வீட்டுல யாருக்குமே எறங்காது" என்றார் குமரேசன். சொல்லும்போது அவர் கண் மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உறுமியைக் கேட்காதவர் இந்த வட்டாரத்தில் இருக்கமாட்டார். ஆனால் அதை அடைத்து வைக்க முயன்றால்தான் அதன் குணம் தெரியும். ஒரு முகத்தில் அடி. மறு முகத்தில் வளைந்த குச்சியைத் தோலோடு வைத்துத் தேய்ப்பது. அப்போது வருவதுதான் அந்த உறுமல். அடி என்பது ஈட்டி. பலகை போட்டால் நின்றுவிடும். உறுமல் என்பது ஈரம். எங்கோ ஒரு மூலையில் ஊறும், சுவருக்குள் நடக்கும், வேறெங்கோ வெளியே வந்து நிற்கும்.

எங்கள் தச்சர் பாக் மான் வேலையைத் தொடங்கினார். மண்ணை ஒட்டிய சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும் என்பதால் அதிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சட்டம் நிறுத்தினோம். சட்டத்தின் காலுக்கு ரப்பர் பட்டை. சட்டத்துக்குள் கல்பஞ்சு. அதன்மேல் ஜிப்சம் பலகை, அதன்மேல் இன்னொரு பலகை, கீழ்ப் பலகையின் இணைப்பும் மேல் பலகையின் இணைப்பும் ஒரே கோட்டில் வராதபடி. ஓரமெல்லாம் என்றைக்கும் இறுகாத பசை. கதவு இரண்டு, நடுவில் ஓர் ஆள் நிற்க இடம். எல்லாம் முடித்துப் பாஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வரவில்லை. பிறகு மூச்சு வாங்க வெளியே வந்து, "சத்தம் போவாது. காத்தும் போவாது. உள்ள ஆளுங்க உசுரோட வாசிக்கணும் லா" என்றார்.

ஆகவே காற்றுக்கு ஒரு பெட்டி. மரத்தில், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, உள்ளே பஞ்சு ஒட்டி, தூக்கி இழுக்க ஒரு விசிறியும் வைத்து. அந்தப் பஞ்சை ஒட்டியது நான்தான். முழங்கை வரை உள்ளே விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஒவ்வொரு வளைவிலும் சத்தம் பஞ்சில் முட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். காற்று மட்டும் அவசரமில்லாமல் நடந்து மேலே, வீட்டின் பக்கச் சுவர் வழியாக வெளியே வரும்.

பிறகு சோதனை. கீழே குழு, பாஸ், மீட்டர். மேலே அத்தையின் அறையில் நான், கையில் கைப்பேசி. அத்தைக்கு விஷயம் தெரியக்கூடாது. நான் திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தவள் என்று ஏற்பாடு.

அஞ்சலை அத்தை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிடித்து நடக்கும் கம்பி வண்டி, அதன் கைப்பிடியில் ஒரு துண்டு, துண்டில் வெற்றிலைக் கறை. பழைய ரப்பர்த் தோட்டத்து உடம்பு. சின்னது, ஆனால் கயிறு மாதிரி.

"ஒரே ஜன்னலை எத்தனைவாட்டி அளப்ப?" என்றார்.

"துணி விலை ஏறிப்போச்சு அத்தை. சரியா அளக்கணும்."

கைப்பேசியில் பாஸ் குரல்: "ஆட்டம் இருக்கா?"

"இல்ல பாஸ்" என்று திரும்பும்போதே அத்தையின் தோள் ஒருமுறை வெட்டியது. கையிலிருந்த வெங்காயம் உருண்டது. மூச்சு வேறு யாருடையதோ மாதிரி மாறியது. கொண்டை அவிழ்ந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நானும் ஓடி வந்த பிரேமாவும் ஆளுக்கொரு பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். "பாஸ், ஆட்டம்! ஆட்டம்!" என்று கத்தினேன். அத்தை என் நெற்றியில் திருநீறு பூசி, எனக்கு இந்த வருடம் சொந்தக் காடி வாங்கி ஓட்டும் யோகம் இருப்பதாகச் சொன்னார்.

பாஸ் மேலே வந்து மீட்டரை நீட்டினார். கீழே இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மீட்டருக்கும் கேட்கவில்லை. "அப்ப அந்தம்மாவுக்கு எப்படிக் கேக்குது?"

குளியலறைக் குழாய் வழியாகத்தான் சத்தம் ஏறுகிறது என்று அவரே முடிவும் சொன்னார். அறைக்கு மேலே ஓடும் அதன் உடம்பெல்லாம் பஞ்சு சுற்றி, கனமான ரப்பர் போர்வை போர்த்தினோம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஜன்னலை அளந்தேன். மறுபடி ஆட்டம். பாஸ் கீழ்க்கூரை முழுவதையும் பிரித்துவிட்டு, ரப்பர் வைத்த கொக்கிகளில் தொங்கவிட்டார். பாக் மான் வாய்க்குள் ஆணியை வைத்துக்கொண்டு, "போச்சோர் லாகி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னமும் ஒழுகுதா என்று. பாஸின் சாப்பாடு குறைந்தது. அவருடைய வாழ்க்கையில் மீட்டரை ஒருவர் தோற்கடித்தது அதுதான் முதல் தடவை. லோரியில் போகும்போது இடதுகை அசையாமல் கிடந்தது. "ஞாயித்துக்கிழமை பாட்டு நடுவுல எனக்கு அந்தம்மா ஞாபகம் வருது லா. சாமியார் என்னையே பாக்கறாரு" என்றார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. ஜன்னலை அளக்கும் பொய்யை அத்தையும் மதிக்கவில்லை, நானும் மதிக்கவில்லை; வெங்காயத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டார். உரித்தேன். கொஞ்ச நேரத்தில் தோள் வெட்டியது.

"பாஸ், ஆட ஆரம்பிச்சிட்டாங்க!"

கைப்பேசியில் பாஸ் ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "என்ன ஆட்டம்?"

"வழக்கமான ஆட்டம் பாஸ்! பிரேமா ஒரு கைய விட்டுட்டாங்க, சீக்கிரம் நிப்பாட்டச் சொல்லுங்க!"

"லெட்சுமி, எத நிப்பாட்ட? உறுமிக்காரன் இன்னும் வரவே இல்ல. குரூண் கிட்ட ரோட்டுல ஜாமாம். இங்க யாரும் ஓர் அடிகூட அடிக்கல."

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. கத்தோலிக்கரின் மூச்சு. அந்த ஒரு கணம் அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அத்தையை ஒருவழியாக உட்கார வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் பூசையறை வாசனை சுவர்ப்பூச்சு மாதிரி எப்போதும் இருக்கும். அதனால் மூக்கு அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில், நான் பஞ்சு ஒட்டிய காற்றுப்பெட்டியின் வாய். அதிலிருந்து வெள்ளையாக, சோம்பலாக, ஒரு புகை வந்துகொண்டிருந்தது.

சாம்பிராணி.

உறுமி மேளக்காரர்கள் யாரும் மேளத்தை அப்படியே எடுத்து அடித்துவிடமாட்டார்கள். வரிசையாக வைத்து, சூடம் காட்டி, சாம்பிராணிப் புகையை ஒவ்வொரு தோலுக்கும் சுற்றிக் காட்டிய பிறகுதான் கை வைப்பார்கள். அத்தனை வெள்ளிக்கிழமையும் புகை எங்கள் பெட்டியின் அத்தனை வளைவையும் பொறுமையாகக் கடந்து, சத்தம் செத்து விழுந்த இடமெல்லாம் தாண்டி, நேராக அத்தையின் ஜன்னலில் ஏறியிருக்கிறது. சத்தம் என்றைக்கும் ஒழுகவே இல்லை. குழாய்க்குப் போர்வை போர்த்தினோம், கூரையைப் பிரித்துத் தொங்கவிட்டோம். எல்லாம் ஒரு வாசனைக்கு எதிராக.

பாஸ் பெட்டியின் வாயில் முகத்தை வைத்து முகர்ந்தார். தும்மினார். பாக் மான் தரையில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். காதில் ஓட்டை இல்லை, மூக்கில்தான் ஓட்டை என்று மலாயில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சாம்பிராணிய விட்டுட்டு வாசிக்க முடியாதா?" என்றார் பாஸ்.

குமரேசன் நெஞ்சில் கை வைத்தார். "கம்ப்யூட்டர் தொறக்கறதுக்கு முன்னாடி பாஸ்வேர்ட் கேக்குதுல்ல பாஸ்? எங்களுக்கு அது." பெட்டியின் வாயை அங்கிருந்து எடுத்து, நீளக் குழாய் வைத்து, சரிவுக்குக் கீழே ரப்பர் மரங்களின் பக்கம் திருப்பினோம். அரை நாள் வேலை.

அடுத்த சோதனையில் அத்தை உரித்தார், நான் உரித்தேன். வெங்காயம் தீர்ந்து பூண்டுக்குப் போனோம். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஒரு குயில், அப்புறம் அதுவும் இல்லை. கீழே மேளம் முழங்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். என் காலுக்கடியில் தரை ஒரு குளிர்ந்த கல் மாதிரி கிடந்தது. பிறகு படிக்கட்டில் காலடிகள், சிரிப்பு. பாஸ் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "இருக்கட்டும்" என்றார். குமரேசன் அவரைக் கட்டிப்பிடித்தார்.

அத்தை நிமிர்ந்தார். "இன்னிக்கு பிராக்டிஸ் இல்லையா?"

"முடிஞ்சிடுச்சு அத்தை" என்றேன்.

"முடிஞ்சிடுச்சா?"

அந்த முகத்தை என்னால் சரியாக எழுத முடியாது. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே இருந்தவரிடம், அந்தப் பேருந்து அப்போதே போய்விட்டது என்று யாரோ சொன்னால் வரும் முகம். பூண்டை முறத்தில் வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் நோயின் மருந்துக்காக மறுநாள் போனோம். அறைக்குள் சத்தம் சுற்றாமல் இருக்கப் பஞ்சுப் பலகை ஒட்டுவது. பாஸ் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு சுவராக நகர்த்திக்கொண்டே போவார். பாட்டுக் கேட்பவர் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் எப்போது தெரிகிறதோ அப்போது "தெரியுது" என்பேன், சாக்பீஸால் கோடு போடுவார். கண்ணுக்குத் தெரியும் வழியில்தான் சத்தமும் திரும்பி வரும். அந்த இடத்தில் பலகை. அன்றைக்குக் கண்ணாடி நகர்ந்துகொண்டிருந்தபோது ஸ்பீக்கர் தெரியவில்லை. திறந்த கதவு தெரிந்தது, கதவில் பிரேமா தெரிந்தார். "அத்தை பைய கட்டிட்டாங்க. பாடாங் செராய்க்குப் போறாங்களாம்."

மேலே ஓடினோம். அத்தை வாசலில், கம்பி வண்டியைப் பிடித்து, செருப்புப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏன் அத்தை? உங்களை இங்கயே வெச்சிக்கணும்னுதானே இவ்ளோவும் பண்ணோம்?" குமரேசன் குறுக்கே வந்து நின்றார்.

"தங்கச்சி வீடு கோயிலுக்குப் பக்கத்துல. செவுரும் மெலிசு."

"டாக்டர் சொன்னது..."

"டாக்டரக் கேட்ட. பொண்டாட்டியக் கேட்ட. வேதக்கார பாஸக் கூடக் கேட்ட. என்னையக் கேட்டியாடா? எனக்கும் அம்மனுக்கும் நடுவுல செவுரு வெச்சி, அதுக்கு மேல இன்னொரு செவுரு வெச்சி, ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டீங்க." மூச்சு வாங்கினார். "பால்மரம் வெட்டுன காலத்துல வேலை வாங்கற மண்டோரு என்னை ஏய்னுதான் கூப்புடுவான். ஒரு நாளும் பேரு சொன்னதில்ல. திருவிழா அன்னிக்கு உறுமி அடிச்சா, அவன்தான் மொத ஆளா வந்து என் முன்னால குனிஞ்சி நிப்பான். அவ வந்துட்டுப் போனா ஒரு வாரத்துக்கு எனக்கு எந்த வலியும் தெரியாது. இந்த இடுப்பு வலியும்தான். அத நீங்க யாரும் அளந்து பாக்கல."

குமரேசன் பையின் ஒரு காதைப் பிடித்தார். இன்னொரு காதை அத்தை விடவில்லை.

பாஸ் மீட்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்தார். "இது மூணாவது நோய் லா" என்றார் என்னிடம். "கேக்க வேண்டியவங்களுக்குக் கேக்காம போறது. இதுக்கு நான் மருந்து செஞ்சதே இல்ல." பிறகு அத்தையிடம், "அம்மா, ஒரு நாள் பொறுங்க. உக்காந்தே வர முடியுமான்னு மட்டும் அவங்ககிட்ட கேட்டு வைங்க."

கீழே அறையில் ஒரு மைக். இரண்டு பலகைகளையும் துளைத்து ஒரே ஒரு ஒயர். துளையைச் சுற்றி இறுகாத பசையைப் பாஸ் தன் விரலாலேயே அடைத்தார். மேலே அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் ரொட்டிப் பெட்டி அளவு ஸ்பீக்கர், சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். அத்தையின் இடுப்பைச் சுற்றி பெல்ட் போடலாமா என்று பாஸ் கேட்டார்; அத்தை பார்த்த பார்வையில் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நாற்காலி பாக் மான் யோசனை. கனமான மரம், இரண்டு பக்கமும் கைப்பிடி, உட்காருமிடம் பின்பக்கம் சரிவாக ஆழமாக இறங்கும். உதவியில்லாமல் யாரும் எழ முடியாது. பாஸ் உட்கார்ந்து சோதித்தார். அவரைத் தூக்கி எடுக்க நாங்கள் மூன்று பேர் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அத்தை குளித்து, மஞ்சள் சேலை கட்டி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரிலிருந்த அம்மன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது மாதிரிச் சொன்னார்: "இந்தா பாரு, இடுப்புக்கு மேல மட்டும் வா. கீழ புதுசா மாத்தியிருக்கு."

குமிழைத் திருப்பினார். இந்தச் சின்னப் பெட்டியில் கீழ்ச்சத்தம் வராது, உறுமல் பாதிதான் வரும் என்று பாஸ் என் காதில் முணுமுணுத்து முடிக்கவில்லை. தோள் வெட்டியது. கைகள் இரண்டும் மேலே போயின. கொண்டை அவிழ்ந்து முடி காற்றில் வட்டம் போட்டது. நெஞ்சு, கழுத்து, விரல் நுனி வரை மழை பிடித்த மரக்கிளை மாதிரி ஆடியது. ஆனால் கால் இரண்டும், செருப்பில்லாத அந்த வெடித்த பாதங்கள், யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் மாதிரி தரையில் அசையாமல் இருந்தன. பிரேமா அழுதுகொண்டே சிரித்தார். எழவில்லை. கடைசி வரை அத்தை எழவே இல்லை.

எல்லாருக்கும் திருநீறு கிடைத்தது. பாஸ் பைபிளைப் பிடிப்பதுபோல டிரில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். அத்தையின் கை அவரையும் கூப்பிட்டது. போனார். குனிந்தார். பூசிக்கொண்டார். துடைக்கவில்லை.

சாமான்களை லோரியில் ஏற்றியபின் பாஸ் திரும்ப உள்ளே போனார். நானும் போனேன். அத்தை அதே நாற்காலியில் சோர்ந்து, முகம் தெளிந்து, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். குமரேசன் பையைப் பிரித்துச் சேலைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பாஸ் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்பு டேப்பில் ஒரு சின்னக் கோடு ஒட்டினார்.

"அம்மா, சத்தம் இந்தக் கோடு வரைக்கும்தான். இதுக்கு மேல திருப்பக்கூடாது. சொல்லிட்டேன்."

அத்தை வெற்றிலையை வாயில் வைத்து, அந்தக் கோட்டையும் பார்த்தார், பாஸையும் பார்த்தார்.

"அத ஏன் தம்பி எங்கிட்டச் சொல்ற? அவ வருவால்ல, அப்ப நீயே வந்து அவகிட்ட சொல்லு."